தண்டோரா போட்டு வைத்த பேர்

சோறு ஆறிக்கொண்டிருந்தது. இலை போட்டாகிவிட்டது, பருப்பு கடைந்தாகிவிட்டது, நெய்யும் உருகி நின்றது. சாப்பிட வேண்டிய மனிதர் மட்டும் பத்து வீடு தள்ளி ஒரு தறிக்கூடத்தில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

வழக்கமாக இந்த வேளைக்கு அவருடைய தாயார் ரேணுகாம்பாள் வாசலில் வந்து நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "குப்பூ" என்று ஒரு குரல் கொடுப்பாள். பிள்ளையார்பாளையத்தில் அந்தக் குரலுக்கு ஒரு மதிப்பு உண்டு. அத்தனை தறிச் சத்தத்தையும் தாண்டி மூன்று தெருவுக்குக் கேட்கும். கடிகாரம் இல்லாத வீடுகளில் அதைக் கேட்டுத்தான் உலையை இறக்குவார்கள்.

அன்றைக்கும் வாசல் வரை வந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் அத்தே, கூப்புடலியா?" என்று கேட்டாள் மருமகள் ஏலவார்குழலி.

"என்னான்னுமா கூப்புடறது? நேத்தோட பேர் மாறிடிச்சே."

"புதுப் பேரைச் சொல்லிக் கூப்புடுங்க."

"அது என் மாமனார் பேரு. நான் சொல்லலாமா? நீ கூப்புடேன்."

"நல்லாக்கீது அத்தே. புருஷன் பேரை நான் சொல்றதா?"

மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம் என்பதால் இதை மீறினவர் யாரும் கிடையாது. இரண்டு பெண்களும் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சோறு குழைந்து கஞ்சியாகிப் போனதாகப் பிறகு தெரியவந்தது.

முந்தின நாள் வரைக்கும் அந்த மனிதரின் பெயர் குப்புசாமி. அவர் தெருவில் மட்டும் நாலு குப்புசாமிகள் இருந்தார்கள். நெட்டைக் குப்புசாமி, மூக்குப்பொடிக் குப்புசாமி, கிணற்றடிக் குப்புசாமி, இவர் சங்கத்துக் குப்புசாமி. அந்தப் பேர் எப்படி வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். பிள்ளை பிறந்து தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதைக் குப்பை மேட்டில் கிடத்திவிடுவார்கள். குப்பையில் கிடக்கிற பண்டத்தை எமன் எதற்காகத் தொடப் போகிறான் என்பது எண்ணம். வேறு வீட்டுப் பெண் ஒருத்தி அதை எடுத்துப் போவாள். பெற்றவள் ஒரு முறம் தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொள்வாள். குப்பையிலிருந்து எடுத்தவளுக்குத்தான் பேர் வைக்கும் உரிமை. வீட்டுப் பெரியவர்கள் அதில் தலையிட முடியாது.

நம்முடைய குப்புசாமியை அப்படி எடுத்தவள் எதிர்வீட்டு வடிவாம்பாள். அவருக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து சின்ன வயதிலேயே போய்விட்டான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரும் கேட்டதில்லை.

முப்பத்தாறு வயது வரைக்கும் அந்தப் பேரால் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. பட்டு நெசவுக்காரர் சங்கத்துக்குக் காரியதரிசியும் ஆனார். அதற்குப் பிறகுதான் ஒரு வெள்ளைக்காரத் துரை நெசவைப் பார்வையிட வந்து சேர்ந்தார்.

துரை நல்ல மாதிரி மனிதர். சேலைகளைத் தொட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார், கடைசியாக மரியாதைக்காக, "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்தவன் சங்கத்துக் குமாஸ்தா அப்பாதுரை. பி.ஏ. பாஸ் செய்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. இங்கிலீஷில் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைக்கிற வயசு. "குப்பைக்கு அதிபதி என்று பொருள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டான்.

துரை அதை உத்தியோகப் பேர் என்று எடுத்துக்கொண்டார். குப்புசாமியின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், குளத்தங்கரைக் குப்பை மேட்டைக் காட்டி, இதை எப்போது அள்ளுவதாக உத்தேசம் என்று விசாரித்தார். பத்து நாள் கழித்து, "குப்பை இலாகா அதிபதி அவர்கள்" என்று விலாசமிட்டு ஒரு சர்க்கார் கடிதமும் வந்தது. சர்க்கார் கடிதத்துக்குப் பயப்படாத குடும்பம் இல்லை. குப்புசாமி நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் குப்பையை அள்ளினார். அதற்கு நன்றி தெரிவித்து, அடுத்தபடியாகச் சாக்கடையைக் கவனிக்கும்படி இன்னொரு கடிதம் வந்தது.

அன்றைக்குத்தான் அவர் பேரை மாற்றுவது என்று முடிவு செய்தார்.

"மெட்ராஸ்ல எல்லாம் கே. சாமின்னு வச்சுக்கிறாங்க சார்," என்றான் அப்பாதுரை.

"கே என்னான்னு எவனாச்சும் கேப்பான். நீ அங்க நின்னுக்கினு இருப்பே. வேணாம்பா."

வேறு பேர் தேட வேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தாத்தா பேரை மூத்த பேரனுக்கு வைப்பதுதான் வழக்கம். மாணிக்கவாசகம். சொல்லும்போதே வாய் மணக்கிற பேர். நியாயமாகத் தனக்குச் சேர வேண்டியதைக் குப்பை மேடு தட்டிப் பறித்துவிட்டது என்று அவர் எண்ணினார்.

தாயாரிடம் போய்ச் சொன்னார்.

"வேற பேரே இல்லியாப்பா?"

"தாத்தா பேரும்மா."

"தெரியும்பா."

அவள் சொன்னது அவ்வளவுதான். ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமனார் பேர் என்பதால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஏகாம்பரநாதர் கோயிலில் புதுப் பேருக்கு அர்ச்சனை செய்தார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பார். ஊருக்குள் தண்டோராவும் போட வைத்தார். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இன்று முதல் குப்புசாமி என்று கூப்பிட்டால் மாணிக்கவாசகம் அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்." மறுநாள் காலையில் தெருவே அவரைக் குப்புசாமி என்று கூப்பிட்டுப் பார்த்தது. பாவம், ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் இதனால் நன்மை அடைந்தவள் ஏலவார்குழலி ஒருத்திதான். கல்யாணமான நாள் முதல் புருஷன் பேர் வருகிறது என்று குப்பை என்ற சொல்லையே அவள் வாயில் எடுத்ததில்லை. கூளம், செத்தை என்று பதினாறு வருஷம் ஒப்பேற்றியிருந்தாள். இப்போது தடை நீங்கிவிட்டது. "குப்பையைக் கொட்டணும், குப்பைக்கூடை எங்க, ஒரே குப்பையாக்கீது" என்று காலை முதல் ராத்திரி வரைக்கும் ஆசை தீரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

ஆறிப்போன சோற்றை மூன்று நாள் சாப்பிட்ட பிறகு அவர் தாயாரிடம் பேசிப் பார்த்தார்.

"பேரைச் சொல்ல வேணாம்மா. பெரியவனேன்னு கூப்புடு. நான்தானே பெரியவன்?"

"அது வேணாம்பா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்பா. நான் எதுனா பார்த்துக்கிறேன்."

சரி என்று கடைத்தெருவில் ஒரு வெண்கல மணி வாங்கி வந்தார். சோறு தயாரானால் வாசலில் நின்று ஆட்டினால் போதும். முதல் நாள் மணி அடித்ததும் எதிர்சாரியிலிருந்து ஏழெட்டுப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள். வீட்டில் ஏதோ விசேஷ பூஜை என்று நினைப்பு. வந்தவர்களை வெறும் கையோடு அனுப்ப முடியுமா? அவருக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொங்கல் ஆளுக்கு ஒரு கவளமாகப் போயிற்று. மறுநாள் மணிக்கு இருபது பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் ரேணுகாம்பாள் மணியைத் துலக்கிப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள்.

அடுத்து, கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரைக் கூட்டிவந்தார். ஓதுவார் நிதானமாக உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "அம்மா, அது உங்க மாமனார் பேருன்னு பார்க்காதீங்க. சிவனையே பாட்டா பாடின மகான் பேரு. சொன்னா புண்ணியம்" என்று விளக்கினார்.

ரேணுகாம்பாள் கேட்டுக்கொண்டாள். கேட்டு அவள் எடுத்துக்கொண்டது வேறு. மாமனாருக்கு மாமனாரும் ஆயிற்று, மகானுக்கு மகானும் ஆயிற்று. சாயங்காலம் மகன் உள்ளே நுழைந்ததும் சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"என்னாம்மா இது? உக்காரு."

"இருக்கட்டும்ங்க."

அவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று சந்தேகம். யாரும் இல்லை. அந்த 'ங்க' அவருக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் அவர் எதிரில் உட்காரவில்லை. நேராகப் பேசுவதும் குறைந்தது. "ரசம் போட்டுக்கிறாங்களான்னு கேளும்மா" என்று மருமகள் மூலமாக விசாரித்தாள். முப்பத்தாறு வருஷம் காதைத் திருகியும் தலையைத் தடவியும் வளர்த்தவள், மாமனாருக்குப் படைக்கிற மாதிரி இலைக்கு எட்ட நின்று பரிமாறினாள். அவர் பேரை மாற்றியது ஊரார் மதிக்க வேண்டும் என்பதற்காக. ஊரார் ஒருவரும் மதிக்கவில்லை. பெற்றவள் மதிக்க ஆரம்பித்துவிட்டாள். அதைப் போல மனசை வருத்துகிற மரியாதை வேறு இல்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உனக்குப் புண்ணியமா போவுது. வீட்டுக்குள்ள குப்புன்னே கூப்புடு. நான் திரும்பிப் பார்க்கிறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சாமி முன்னாடி வச்ச பேருங்க. அதைக் கீழ எறக்கிட்டுப் பழசைச் சொன்னா அவரை எறக்கின மாதிரி ஆயிடும். நான் மாட்டேன்."

பங்குனி உத்திரத் திருவிழா வந்தது. தேரன்றைக்குத் தாயாரையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு ராஜ வீதிக்குப் போனார். வடம் நகர்ந்ததும் கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் தாயாரைக் காணவில்லை.

தொலைந்த கிழவியைத் தொண்டர்கள் கண்டுபிடித்துத் தண்ணீர்ப் பந்தலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு தொண்டர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆயா, யார் கூட வந்தீங்க?"

"புள்ள கூட."

"புள்ள பேரு?"

"சொல்லக் கூடாதுபா."

"வீட்டுக்காரர் பேரு?"

"அதுவும் சொல்லக் கூடாதுபா."

"அது சரி. புள்ள பேரை ஏன் சொல்லக் கூடாது?"

"என் மாமனார் பேரு அது."

தொண்டர் தலையைச் சொறிந்தார். "ஜாடையாவாச்சும் சொல்லுங்க ஆயா."

"திருவாசகம் பாடினவரு."

தொண்டருக்கு அது போதுமாக இருந்தது. குழாயைத் தெருப்பக்கம் திருப்பினார். "திருவாசகம் பாடியவர் எங்கிருந்தாலும் உடனே தண்ணீர்ப் பந்தலுக்கு வரவும்."

அரை மணி நேரத்தில் நாலு ஓதுவார்கள் வந்து சேர்ந்தார்கள். சால்வை போர்த்துகிறார்கள் என்று எப்படியோ செய்தி போயிருந்தது. யார் பாட்டு உருக்கம் என்பதில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் முற்றி, ஒருவர் பந்தலிலேயே பாடிக் காட்ட ஆரம்பித்தார். கூட்டம் தேரை விட்டுவிட்டு இங்கே திரும்பியது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து விசாரித்தார்.

"திருவாசகம் பாடினவரா? அவர் செத்து எத்தினியோ நூறு வருஷம் ஆச்சே ஆயா. அவரைப் போய்த் தேடிக்கினு இருக்கிறியே."

எல்லோரும் சிரித்தார்கள். ரேணுகாம்பாள் முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசித்து விசித்து அழுதாள். வெயிலுக்கு மயக்கம் என்று ஓர் ஓதுவார் விசிறினார்.

மகன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேல்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. செருப்பில் ஒன்று இல்லை. தாயாரைப் பார்த்ததும் அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எங்கெல்லாம் தேடறது உன்னை?"

"ரெண்டு வாட்டி எதிர்லயே போனீங்க," என்றாள் அவள். "பார்த்துக்கினேதான் இருந்தேன்."

"பார்த்தியா? பார்த்துட்டு சும்மாவா உக்காந்திருந்தே? ஒரு குரல் கூப்புடறதுதானே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னான்னு?"

அவர் குதிரை வண்டி பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். வாசலில் அவள் இறங்கி, அவர் முதலில் உள்ளே போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள். அன்றைக்கு அவர் தெருவென்றும் பார்க்காமல் அழுதார். ஒரு துரைக்கும் ஒரு பி.ஏ.க்கும் பயந்துகொண்டு தான் செய்த காரியம் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அப்போது நன்றாகவே தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டுக்குப் போனார். வடிவாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அறுபதுக்கு மேலே. ஆனால் வாய்க்கு வயசு ஏறவில்லை.

"வாங்க மாணிக்கவாசகம். குப்புசாமின்னு கூப்புட்டா திரும்பிப் பார்க்க மாட்டீங்களாமே," என்றாள்.

"நீங்களும் குத்தாதீங்க சின்னம்மா. ஒரு ஒத்தாசை பண்ணணும். என்னைக் குப்பையிலேந்து எடுத்தது நீங்க. பேர் வச்சதும் நீங்க. நீங்க வந்து சொன்னா அம்மா கேக்கும். பழைய பேரையே கூப்புடச் சொல்லுங்க. இல்லாட்டி வேற எந்தப் பேராச்சும் வச்சுக் கூப்புடட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

"நான் சொன்னா கேக்காதுபா."

"ஏன் கேக்காது? எமனை ஏமாத்தறதுக்காக வச்ச பேரு அது. எமனும் ஏமாந்தான், நானும் நல்லா வளர்ந்துட்டேன். வேலை முடிஞ்ச பேரை மாத்தினா அதுல அம்மாவுக்கு என்னா நஷ்டம்? அதை நினைச்சா எனக்கு ஒண்ணும் புரியல சின்னம்மா."

வடிவாம்பாள் ராட்டையை நிறுத்தினாள். திறந்திருந்த கதவு வழியாக எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. சோற்று வேளை. ரேணுகாம்பாள் வந்து நின்று, மகன் இருந்த பக்கம் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

"எமனுக்குப் பயந்துக்கினு யாருப்பா உன்னைக் குப்பையில போட்டது," என்றாள் வடிவாம்பாள். "உங்கண்ணனுக்கும் இந்த மாமனார் பேருதான் வச்சாங்க, நாலு வருஷம் அவனை ஒரு வாட்டிகூடப் பேர் சொல்லிக் கூப்புடாமலே வாரிக் கொடுத்துட்டா, அடுத்ததையாச்சும் வாய் நெறையக் கூப்புடணும்னுதான் உங்கம்மா அந்தப் பேரை என் கால்ல விழுந்து கேட்டு வாங்கினா."